பெயர் சொல்லாத புகார்

பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்குக் கோர்ட்டம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நீங்கதானே பக்கத்து கிளாஸ், உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்று மலர்க்குழுச் செயலாளர் எனக்கு ஐஸ் வைத்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் என்றால் எனக்கும் சுலபம்தான். நேரம் தவறாதவர், கடிந்து பேசாதவர், பிள்ளைகளைப் பெற்ற தாய்போலப் பார்த்துக்கொண்டவர் என்று நாலு வரி எழுதிக் கீழே ஒரு படத்தை ஒட்டிவிடலாம். அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். இது, அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டது.

கோர்ட்டம்மா என்பது ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்த பட்டப்பெயர். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒல்லி உடம்பு, ஓட்டமும் நடையுமாகத்தான் எங்கேயும் போவாள். மாதத்தில் பாதி நாள் ஒற்றைத் தலைவலி. அதனால் தைலம் விட்ட கைக்குட்டை ஒன்று எப்போதும் இடது கையில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நீதிபோதனை. மற்ற வகுப்புகளில் அது பெயருக்குத்தான். நான் அந்த நேரத்தில் விட்டுப்போன கணக்குகளைப் போட வைப்பேன். நாலாம் வகுப்பு வாத்தியார் பிள்ளைகளைத் தலையைக் கவிழ்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தானும் ஒரு குட்டித் தூக்கம் போடுவார். அக்கா மட்டும்தான் அதை ஒரு வாரம் விடாமல் நடத்தினாள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்காருவார்கள். அவளும் அவர்களோடு தரையில் உட்காருவாள். "இந்த நேரத்துல இங்க டீச்சர் கிடையாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பாள். எட்டு வயதுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும். அந்த வாரம் யாருக்கு என்ன குறை நடந்ததோ அதைச் சொல்லலாம். ஆனால் செய்தது யார் என்று பெயர் சொல்லக்கூடாது. புகார் சொல்லும்போது யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கக்கூடாது. செய்தவர் தானாக எழுந்து நிற்பார். நின்றால் திட்டு கிடையாது, அடி கிடையாது. எப்படிச் சரிசெய்யப் போகிறேன் என்று மட்டும் அவர் சொல்ல வேண்டும்.

நடக்கிற காரியமா என்று ஆரம்பத்தில் நானும் சிரித்தேன். ஆனால் நடந்தது. "ஒருத்தங்க என் ரப்பரைக் கடிச்சுத் தின்னுட்டாங்க" என்று ஒரு பிள்ளை சொல்லும். ஒரு நிமிடம் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அப்புறம் ஒரு குண்டுக் கன்னம் எழுந்து நின்று, "நான்தான் தின்னேன். வாசனையா இருந்துச்சு. நாளைக்கு என்னோட ரப்பர்ல பாதி தரேன்" என்று சொல்லும். ஒருமுறை அக்காவே கோபத்தில் சாக்பீஸை வீசி, அது ஒரு பையனின் கண்ணோரம் பட்டுவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை அவன், "ஒருத்தங்க எம்மேல சாக்பீஸ் எறிஞ்சாங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் வாயை மூடுவதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் நாலாம் வகுப்புக்குப் போகிறவர்கள் மூன்றாம் வகுப்புக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

இந்தப் பைத்தியக்காரத்தனம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அவள் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது யாருடைய பென்சில் பெட்டியோ காணாமல் போய், எல்லோர் முன்னாலும் இவள் பெயரைச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு நாள் கழித்துப் பெட்டி அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. பெட்டி திரும்பி வந்ததே தவிர, சொன்ன பெயரை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பள்ளியை விட்டுப் போகும்வரை அவளுக்குத் திருடி என்றுதான் பெயர்.

"பேரைச் சொல்லிட்டா அது ஒட்டிக்கும்மா. அப்புறம் எவ்வளவு தேச்சாலும் போகாது" என்றாள். வட்டத்தில் பிள்ளைகளிடமும் இதையே அடிக்கடி சொல்வாள்.

அவள் வீட்டுக்காரர் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வெளியூரில் வேலை. அவர் ஒருநாள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். "வீட்டுல இருக்கறதே ரெண்டு பேர்ம்மா. 'ஒருத்தங்க ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டிருக்காங்க'ன்னு சொல்லிட்டு, சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. நான் எழுந்து நிக்கணும். இந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்ல?"

ஒரு வருடம், பாதியில், அக்காவின் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை வந்து சேர்ந்தது. ஊருக்கு வெளியே தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் மதிலுக்குள்ளேயே தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அங்கிருந்து வந்தாள். சுத்தமான பிள்ளை. நகம் வெட்டி, தலை படிய வாரி, கழுத்துவரை பவுடர் அடித்துத்தான் அவள் அம்மா அனுப்புவாள். ஆனால் துணி காய்வது அந்த மதிலுக்குள்தானே. ஊறவைத்த தோலின் வாடை சட்டையில், பையில், புத்தகத்தின் தாளில்கூட ஏறியிருந்தது. அதற்கு அவள் என்ன செய்வாள்?

அக்கா அவளைச் சன்னலோரம் உட்கார வைத்தாள். "புதுசா வந்திருக்கு, காத்தோட்டமா இருக்கட்டும்" என்றாள். அப்படித்தான் நினைத்தும் இருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பிள்ளை விட்ட பாடத்தையெல்லாம் அவளே இடைவேளையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தாள். முதல் பரீட்சையில் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கியபோது அக்கா விடைத்தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டிப் பூரித்துப் போனாள்.

சேர்ந்து நாலாவது வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை முதல்முறையாகக் கையைத் தூக்கியது. என் வகுப்பும் அவள் வகுப்பும் ஒரே நீளக் கூடத்தில் இருந்தன. நடுவே இரண்டு இரும்பு அலமாரிகள், ஒரு கரும்பலகை. அலமாரிக்கும் பலகைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. என் நாற்காலி அந்த இடைவெளிக்கு நேராக இருந்ததால் அங்கே நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும், கேட்கும்.

"ஒருத்தங்க என்னைப் பக்கத்துல நிக்க விடமாட்டேங்கறாங்க" என்றாள் அந்தப் பிள்ளை.

"சரி. யாரும் திரும்பிப் பாக்கக்கூடாது. பேர் வேண்டாம். செஞ்சவங்களுக்குத் தெரியும், அவங்க எழுந்திருப்பாங்க" என்றாள் அக்கா.

ஒரு நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் ஆனது. யாரும் எழவில்லை. மணி அடித்துவிட்டது.

"பரவாயில்ல. சில பேருக்கு தைரியம் வர நேரமாகும். அடுத்த வாரம் பாப்போம்" என்று அக்கா அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளையும் நம்பிக்கையோடு தலையாட்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே புகார். "நான் கிட்ட போனா மூக்கைப் பொத்திக்கறாங்க" என்று இந்தத் தடவை கூடுதலாக ஒரு வரி. அன்றும் யாரும் எழவில்லை. ஆசிரியர் அறையில் அக்கா இருப்புக்கொள்ளாமல் நடந்தாள். இத்தனை வருடத்தில் இரண்டு வாரம் எழாமல் இருந்த பிள்ளை கிடையாது. "எவ்வளவு கல்நெஞ்சா இருந்தா ஒரு பிள்ளை இப்படி உக்காந்திருக்கும்? எங்கயோ நான் கோட்டை விட்டிருக்கேன்" என்றாள். டீ ஆறிப்போனது.

மூன்றாவது வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை. பிள்ளைகள் நோட்டுத் திருத்த அக்காவின் மேஜைக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் பக்கத்தில் இழுத்து, இடது கையைத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையால் திருத்துவது அவள் வழக்கம். அந்தத் தோள் அணைப்புக்காகவே தப்பாகக் கணக்குப் போட்டு வருகிற பிள்ளைகள் உண்டு. சன்னலோரத்துப் பிள்ளையின் முறை வந்தது. அது ஓரடி எடுத்து வைத்ததும் அக்காவின் இடது கை கைக்குட்டையோடு மூக்குக்குப் போனது.

"நீ நோட்டை மேஜையில வச்சுட்டுப் போம்மா. நான் திருத்திக் கொடுத்தனுப்பறேன்."

குரலில் கடுமை ஒன்றும் இல்லை. முகத்தில் சுளிப்புகூட இல்லை. கை தானாகப் போனது, அவ்வளவுதான். தன் கை எங்கே போனது என்று அவளைக் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள். வரிசையில் அடுத்து வந்த பிள்ளையின் தோளில் அந்தக் கை மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டது. நான் அதற்கப்புறம் கவனித்துப் பார்த்தேன். தினமும் நடந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்து, "அக்கா, அது நீதான்" என்று மூன்றே வார்த்தை. மென்று முழுங்கினேன். எப்படிச் சொல்வது, அவள் தாங்குவாளா, எனக்கென்ன வந்தது என்று நானே எனக்குச் சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழியில் அந்தப் பிள்ளை என் நாற்காலியைத் தாண்டிப் போகும். அந்த நேரத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவளைச் சொன்னால் என்னையும் சொல்ல வேண்டும். அதுதான் உண்மையான காரணம்.

புகார் தொடங்கி நாலாவது வெள்ளிக்கிழமை ஒரு கூத்து நடந்தது. வகுப்பிலேயே பெரிய வாயாடி ஒருத்தன் இருந்தான். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. பிள்ளை தன் புகாரைச் சொல்லி, வழக்கம்போல அமைதி நீண்டுகொண்டே போனதும் அவன் பொசுக்கென்று எழுந்து நின்றான்.

"நான்தான் டீச்சர்."

அக்காவின் முகம் மலர்ந்தது. ஆனால் அந்தப் பிள்ளை தலையை ஆட்டிவிட்டது. "இவங்க இல்ல. இவங்க என்கூடத்தான் விளையாடுவாங்க."

அக்கா அவனைத் திட்டவில்லை. ஆனால் ரொம்ப நேரம் பேசினாள். "அடுத்தவங்க செஞ்ச தப்பை நீங்க ஏத்துக்கறது நல்ல குணம்னு நினைக்காதீங்க. உண்மையா செஞ்சவங்க இதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க நின்னுட்டீங்கன்னா அவங்க எப்பத் திருந்துவாங்க?" என்றாள். பிள்ளைகள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட நிமிரவில்லை. எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. பிறகு அந்த வாயாடியைக் குழாயடியில் பிடித்து, எதற்கடா எழுந்தாய் என்று கேட்டேன்.

"டீச்சர் பாவமா இருந்தாங்க. ஒவ்வொரு வாரமும் காத்துக்கிட்டே இருக்காங்க" என்றான்.

"அப்ப செஞ்சது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "பேர் சொல்லக்கூடாது டீச்சர்" என்றுவிட்டு ஓடிப்போனான்.

மற்ற முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

அக்காவுக்குத் தலைவலி அதிகமானது. ஆறாவது வாரம் தன் சட்டத்தைத் தானே மீறினாள். மதிய இடைவேளையில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, மேஜைக்கு எதிரே நிற்க வைத்துக் கேட்டாள். "எனக்கு மட்டும் சொல்லும்மா. யாரு? நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

பிள்ளை அவளையே பார்த்தது. அந்தப் பார்வையை நான் இடைவெளி வழியாகப் பார்த்தேன். பயம் இல்லை, கோபம் இல்லை. இப்போதாவது புரிகிறதா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அக்காவின் கைக்குட்டை மூக்கருகில்தான் இருந்தது.

"பேர் சொல்லக்கூடாது டீச்சர்."

"நானேதான் கேக்கறேனே. சொல்லலாம்."

"சொன்னா அது அவங்களுக்கு ஒட்டிக்கும். நீங்கதானே சொன்னீங்க?"

அன்று முழுக்க அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள். "எட்டு வயசுப் பிள்ளை சார். தன்னைக் கஷ்டப்படுத்தினவங்க பேரைக் காப்பாத்துது. நாமெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்." அவரும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளை கையைத் தூக்கவில்லை. அக்காவே கேட்டாள்.

"இப்ப எப்படி இருக்கு? இன்னும் அப்படிச் செய்யறாங்களா?"

"இல்ல டீச்சர். சரியாயிடுச்சு."

சரியாகத்தான் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் காலை மணி அடிக்கும் முன்பே வந்து, யாரும் இல்லாத மேஜையில் நோட்டை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். வரிசைக்கே வரவில்லை. குழாய்க்குப் போகும்போது என் நாற்காலிப் பக்கம் வராமல் வெளியே வெயிலில் சுற்றிக்கொண்டு போனாள். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கட்டியிருந்தது. விழுந்துவிட்டாயா என்று அக்கா கேட்டதற்கு ஆமாம் என்றாள். அவள் விழவில்லை. கல்லால் தேய்த்துக் குளித்திருக்கிறாள். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அக்காவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "யாரோ தனியாப் போய் மன்னிப்பு கேட்டிருக்காங்க. எல்லார் முன்னாடியும் நிக்க வெக்கப்பட்டுட்டு, தனியாக் கேட்டிருக்காங்க. அதுவும் நல்லதுதானே? பிள்ளைங்களை நம்பணும்மா, நம்பினா போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கெடுத்திருக்க வேண்டும். அன்றைக்காவது சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை எங்களோடு இருந்திருக்கும்.

பருவம் முடிகிற சமயத்தில் அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். அலுவலக அறைக்குள் வரச் சொன்னார்கள். வரவில்லை. வாசலுக்கு வெளியே மூன்றடி தள்ளி நின்றே எழுத்தரிடம் பேசினார். நான் வருகைப் பதிவேடு எடுக்கப் போயிருந்தேன்.

"ஏங்க பாதியில மாத்தறீங்க? நல்லாப் படிக்கிற பிள்ளையாச்சே" என்றார் எழுத்தர்.

"என் தங்கச்சி வீட்டுல விட்டுப் படிக்க வைக்கப் போறேங்க. அங்க இந்த வாடை இருக்காது. இங்க பிள்ளை காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கல்லை வச்சுத் தேச்சுக் குளிக்குது. விடுன்னாலும் விடமாட்டேங்குது. அவ அம்மா அழுவறா."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"கேட்டுப் பாத்தேங்க. யாரும் எதுவும் சொல்லலை, எல்லாரும் நல்லவங்கன்னுதான் சொல்லுது." கையெழுத்துப் போட மட்டும் வாசல்வரை வந்து, சட்டென்று போட்டுவிட்டு மறுபடியும் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அந்த வாரக் கடைசி பீரியட். வட்டத்தில் சன்னலோரத்துப் பிள்ளையின் இடம் காலியாக இருந்தது. அக்கா மனம் கனத்துத்தான் பேசினாள்.

"அவங்க வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்க. போகும்போதுகூட யார் பேரையும் சொல்லலை. அவங்களைக் கஷ்டப்படுத்தினவங்க தனியா மன்னிப்பு கேட்டிருந்தீங்கன்னா சந்தோஷம். கேக்கலைன்னா இப்பவும் ஒண்ணும் மோசமில்ல. ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. பேர் போட வேண்டாம். நானே கொண்டுபோய் அவங்ககிட்ட சேக்கறேன்."

முப்பத்திரண்டு தலைகள் தரையைப் பார்த்தன. வகுப்பிலேயே சின்னதாக ஒரு பெண் இருந்தாள். முன்பற்கள் இரண்டும் விழுந்து, பேசினால் காற்று வரும். அவள் கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"கேளுங்க."

"அவங்க போயிட்டாங்களே, இனிமே நீங்க எப்ப டீச்சர் எழுந்திருப்பீங்க?"

அதில் கேலி இல்லை, குத்தல் இல்லை. எப்போது மணி அடிப்பார்கள் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவளுக்கு அது நிஜமாகவே சந்தேகம். சாக்பீஸுக்கு உடனே எழுந்த டீச்சர் இதற்கு ஏன் இத்தனை வாரம் எழவில்லை என்று அவர்கள் எல்லோருமே தங்களுக்குள் யோசித்திருக்க வேண்டும்.

அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இடது கை வழக்கம்போல மேலே வந்தது. பாதியில் நின்றது. கையிலிருந்த கைக்குட்டையை அவள் பார்த்தாள். ஒவ்வொரு நாளாக அவளுக்கு ஞாபகம் வருவதை நான் அந்த ஒரு சாண் இடைவெளி வழியாகப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைப்போல ஒன்றை நான் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம்.

தரையில் ஒரு கையை ஊன்றி மெல்ல எழுந்து நின்றாள். எப்படிச் சரிசெய்யப் போகிறேன் என்று நின்றவர் சொல்ல வேண்டும். அவளால் பேச முடியவில்லை. மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. இருபது நிமிடமும் நின்றாள். கண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று அவள்தானே சொல்லியிருக்கிறாள்.

பிள்ளைகள் போனபிறகு நான் அந்தப் பக்கம் போனேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"மூணாவது வாரத்துலேர்ந்து."

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ஏம்மா..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டு பெஞ்சுகளை இழுத்துப் போட ஆரம்பித்தாள். நானும் இழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் அவள் நாலு வருடம் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் என்னைப்போலவே அவளும் விட்டுப்போன கணக்குகளைப் போட வைத்தாள். பேசினால் தொண்டை வலிக்கிறது என்று தலைமையாசிரியரிடம் காரணம் சொன்னாள். ஓய்வு பெறும் நாள்வரை நீதிபோதனை வகுப்பை நடத்தினார் என்று மலரில் போட்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

அந்தப் பிள்ளையைப் பார்க்க, அக்கா எழுந்து நின்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். தனியாகப் போகிறேன் என்றாள். நான் விடவில்லை. எனக்கும் அங்கே வேலை இருந்தது. இரண்டு பேருந்து மாற வேண்டும். வழி நெடுக அக்கா உதட்டுக்குள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "நான்தான் அது. நான் எழுந்திருக்காம உக்காந்திருந்தேன். என்னை மன்னிச்சுடுங்க." அன்று கைக்குட்டையை அவள் எடுத்து வரவில்லை. தலைவலி இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

இடைவேளை நேரம். புதுப் பள்ளியின் மைதானத்தில் எங்களை ஒரு மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஓடி வந்தது. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சர்!" என்று கத்திக்கொண்டே வந்தது, பத்தடி இருக்கும்போது பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட்டது.

அக்கா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவளிடம் போனாள். பிள்ளை சிரித்த முகத்தோடு பின்னால் நகர்ந்தது. தலையை நிமிர்த்தி மரத்தின் இலைகள் எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று பார்த்தது. பிறகு எங்களைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்தில் நின்றது.

"இங்க நிக்கறேன் டீச்சர். காத்து இந்தப் பக்கமா வருது, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். வழியெல்லாம் பாடம் பண்ணிய வாக்கியத்தைச் சொன்னாள். முழுதாகச் சொன்னாள். நானும் என் பங்கைச் சொன்னேன். பிள்ளை சங்கடத்தோடு காலால் மண்ணைக் கிளறியது.

"பரவாயில்ல டீச்சர். உங்களுக்குத் தலைவலின்னு எனக்குத் தெரியும்" என்றது. அப்புறம், "இப்ப தலைவலி எப்படி டீச்சர் இருக்கு?" என்று கேட்டது.

"இப்ப இல்லம்மா. கிட்ட வாம்மா, ஒரே ஒரு தடவை" என்றாள் அக்கா.

பிள்ளை சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டியது. மணி அடித்துவிட்டது. போய் வருகிறேன் என்று கையாட்டிவிட்டு ஓடியது. மைதானத்தில் வகுப்பு வகுப்பாக வரிசை நின்றார்கள். அவள் தன் வகுப்பு வரிசையின் கடைசிக்குப் போனாள். முன்னால் நின்ற பெண்ணுக்கும் தனக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை அப்படி நிற்கச் சொன்னவர்கள் யாரும் இல்லை.